பாலத்தின் அடியிலும் வரப்பின் அடியிலும் ஒரே எலி: வளை தோண்டும் கரம்பை எலியைக் கையாள்வது எப்படி?

கொல்கத்தா: தெற்குக் கொல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் பகுதியில் வீட்டுத் தோட்டம் வளர்ப்பவருக்கும், தஞ்சை மாவட்டத்தில் சம்பா பயிரிடும் உழவருக்கும் பொதுவான எதிரி ஒன்று உண்டு. தோட்டத்தில் மரவள்ளிக் கிழங்கையும் சேம்பையும் மண்ணுக்கு அடியிலிருந்தே தின்றுவிடுகிறது. வயலில் நெற்பயிரைத் தூரோடு சாய்வாக வெட்டிக் கதிர்களை வளைக்குள் இழுத்துச் செல்கிறது. பயிர் இல்லாத இடத்தில் சாலை, நடைபாதை, பாலத்தின் அணுகுசாலை ஆகியவற்றின் அடிமண்ணைக் குடைகிறது. இதற்கு உயிரியலாளர்கள் இட்ட பெயர் பேண்டிகோட்டா பெங்காலென்சிஸ். பெயரிலேயே வங்காளம் இருக்கிறது.

லேக் கார்டன்ஸ் என்ற பெயர் அருகிலுள்ள ஏரியால் வந்தது. 1920களில் கல்கத்தா மேம்பாட்டு அறக்கட்டளை தோண்டிய டாகுரியா ஏரிதான் இன்றைய ரவீந்திர சரோவர். கங்கைச் சமவெளியின் மென்மையான வண்டல் மண், கரையோர ஈரம், ரயில் பாதையின் மண்மேடு, சந்தைக் கழிவு ஆகிய நான்கும் அடுத்தடுத்து அமைந்த பகுதி இது. வளை தோண்டும் எலிக்கு இதைவிட வசதியான இடம் கிடைப்பது அரிது. ஏரியின் கிழக்கே உள்ள டாகுரியா மேம்பாலத்தின் அடிமண்ணை எலிகள் குடைந்திருப்பது பற்றிய செய்திகள் பல ஆண்டுகளாக வெளிவந்துள்ளன. 2018 செப்டம்பர் 4 அன்று இதே நகரில் மாஜேர்ஹாட் பாலம் இடிந்து விழுந்தது. அந்த விபத்துக்கும் எலிக்கும் தொடர்பில்லை. ஆயினும் அதன்பின் நகரத்தின் பாலங்கள் ஒவ்வொன்றின் அடித்தளம் குறித்தும் மக்கள் கேள்வி எழுப்பத் தொடங்கினர். எலி வளை என்பது வீட்டுத் தொல்லை என்ற நிலையிலிருந்து பொதுப் பாதுகாப்புப் பிரச்சினையாக மாறியது.

பாலமோ வரப்போ, இந்த எலியைக் கையாள்வதில் அடிப்படை ஒன்றுதான். எலியை விரட்டிக்கொண்டு ஓடுவதால் பயன் இல்லை. வளையையும் அதற்குக் கிடைக்கும் உணவையும் கவனிக்க வேண்டும். நஞ்சு என்பது அதற்குப் பின் வருவது. நடைமுறையில் பலரும் இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்கிறார்கள். அதன் விலையைச் சில வீடுகள் குழந்தைகளின் உயிராகக் கொடுத்திருக்கின்றன.

பெயரில் தொடங்கும் குழப்பம்

ஆங்கிலத்தில் பேண்டிகூட் என்று வழங்கும் சொல் தெலுங்கின் 'பந்திகொக்கு' என்பதிலிருந்து போனது. பன்றி எலி என்பது அதன் பொருள். தமிழில் பெருச்சாளி என்றால் பெரும்பாலும் நினைவுக்கு வருவது அதன் பெரிய உறவினமான பேண்டிகோட்டா இண்டிகா. அது ஒரு கிலோ எடையை எட்டக்கூடியது. இங்கே பேசப்படுவது அதைவிடச் சிறியது. வளர்ந்த எலி ஏறத்தாழ 200 முதல் 400 கிராம் இருக்கும். வேளாண் துறையினர் இதைக் கரம்பை எலி என்கிறார்கள். வங்காளிகள் பெரிய எலிகளைப் பொதுவாக 'தேடே இந்தூர்' என்பார்கள். வயலில் உள்ளதை 'மேட்டோ இந்தூர்' என்பதும் உண்டு. மொழிபெயர்ப்பில் இவை எல்லாம் 'எலி' என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடும். ஆனால் கூரையில் ஓடும் கறுப்பு எலிக்குச் சொன்ன வழி மண்ணுக்குள் வாழும் கரம்பை எலிக்குப் பொருந்தாது. எந்த எலி என்று தெரிந்துகொள்வது முதல் வேலை.

அடையாளம் காண்பது கடினம் அல்ல. வளை வாயில் புதிதாகத் தள்ளிய மண் சிறு குவியலாகக் கிடக்கும். எலி உள்ளே இருக்கும்போது வாயை மண்ணால் அடைத்துவைக்கும் பழக்கம் கரம்பை எலிக்கு உண்டு. வாலின் நீளம் உடலைவிடக் குறைவு. சீண்டினால் முதுகு மயிரைச் சிலிர்த்துக்கொண்டு உறுமும்.

கொல்கத்தா இந்த எலியை நூறாண்டுகளுக்கும் மேலாக ஆராய்ந்து வரும் நகரம். 1898இல் பிளேக் நோய் நகரை எட்டியபின் எலிகளை இனம் பிரித்து அறிவது உயிர்காக்கும் வேலையாயிற்று. 1907இல் டபிள்யூ. சி. ஹோசாக் கல்கத்தாவின் எலிகளைப் பற்றி எழுதிய ஆய்வை இந்திய அருங்காட்சியகம் வெளியிட்டது. அறுபதுகளில் அமெரிக்க ஆய்வாளர் ஜே. ஜுவான் ஸ்பில்லெட் இந்நகரின் தானியக் கிடங்குகளில் கரம்பை எலியை மட்டும் தனியே ஆராய்ந்தார். அந்நூலை 1968இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்துடன் இணைந்து வெளியிட்டது. உணவும் மறைவிடமும் குறைவின்றிக் கிடைக்கும் கிடங்குகளில் இவை ஆண்டு முழுவதும் இனம் பெருக்கும் என்பது அந்த ஆய்வுகள் காட்டிய உண்மை. கிடங்குக்குச் சொன்னது சந்தைக்கும் பொருந்தும், உணவுக் கழிவு குவியும் தெருவுக்கும் பொருந்தும். எஸ்பிளனேடு அருகேயுள்ள கர்சன் பூங்காவில் வழிப்போக்கர்கள் கடலையும் பொரியும் போட்டு எலிக்கூட்டத்தை வேடிக்கை பார்த்தது இந்நகரில் பலருக்கும் நினைவிருக்கும். உணவு இருக்கும் வரை எலியும் இருக்கும் என்பதற்கு வேறு செய்முறை விளக்கம் தேவையில்லை.

வளைக்குள் என்ன இருக்கிறது?

வயலில் ஒரு வளையில் பொதுவாக வளர்ந்த எலி ஒன்றுதான் இருக்கும். அல்லது தாயும் குட்டிகளும் இருக்கும். ஆகவே உயிருள்ள வளைகளை எண்ணினால் எலிகளின் எண்ணிக்கை ஓரளவு தெரிந்துவிடும். வளைக்குள் கிளைகள் பல. ஓர் அறையில் வைக்கோல் பரப்பிய கூடு. இன்னோர் அறையில் சேமித்த கதிர்கள். தப்பியோட மேற்பரப்பை ஒட்டி மெல்லிய மண் மூடிய அவசர வாயில். வளையைத் தோண்டுபவர் முன்வாயிலை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் எலி பின்னால் போய்விடும்.

கரு தங்கும் காலம் ஏறத்தாழ மூன்று வாரங்கள். ஒரு ஈற்றில் ஆறு முதல் எட்டுக் குட்டிகள் சாதாரணம். பெண் குட்டி மூன்று மாதத்தில் தாயாகத் தயாராகும். நெல் கதிர் விடும் பருவத்தில் உணவு பெருகும்போது ஈற்றும் பெருகும். அறுவடைக்கு முன் வயலில் எலி 'திடீரென' வந்துவிட்டதாக உழவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். உண்மையில் அவை முந்தைய மாதங்களில் வரப்புக்குள் பிறந்தவை.

இந்த இழப்பின் அளவைக் கிராண்ட் சிங்கிள்டன் 2003இல் ஒரு கணக்கால் விளக்கினார். ஆசியாவின் நெல் உற்பத்தியில் 6 விழுக்காடு இழப்பு என்று கொண்டால்கூட, அது 22 கோடி மக்களுக்கு ஓராண்டுக்குப் போதுமான அரிசி. இந்தியாவில் எலி ஒரு மாநிலத்தின் அரசியலையே திருப்பியிருக்கிறது. மிசோரத்தில் ஏறத்தாழ 48 ஆண்டுகளுக்கு ஒருமுறை மூங்கில் பூக்கும்போது அதன் காயைத் தின்று எலிகள் பெருகும்; காய் தீர்ந்ததும் வயல்களில் இறங்கும். 1959இல் தொடங்கிய அந்தப் பஞ்சத்தின்போது நிவாரணத்துக்காக உருவான அமைப்பே 1961இல் லால்டெங்கா தலைமையில் மிசோ தேசிய முன்னணியாயிற்று. 1966இல் வெடித்த ஆயுதக் கிளர்ச்சி 1986 உடன்படிக்கையில்தான் முடிந்தது. அங்கே பெருகியது முதன்மையாகக் கறுப்பு எலி. கரம்பை எலி அன்று. ஆனால் உணவுக்குப் பின்னால் எலியின் எண்ணிக்கை ஓடும் என்ற விதி ஒன்றே.

அமெரிக்கக் காணொளிகள் இங்கே உதவா

கைபேசியில் 'தோட்டத்தில் வளை தோண்டும் விலங்கு' என்று தேடினால் முதலில் வருபவை பெரும்பாலும் வட அமெரிக்காவின் கிரவுண்ட்ஹாக் பற்றிய காணொளிகள். அது அணில் குடும்பத்தைச் சேர்ந்த மர்மோட் வகை, பல கிலோ எடையுள்ளது, பகலில் மேயும், குளிர்காலம் முழுவதும் வளைக்குள் உறங்கும், ஆண்டுக்கு ஒரே ஒருமுறை ஈனும். நம் நாட்டில் மர்மோட்டைக் காண லடாக் போன்ற இமயமலை உயரங்களுக்குப் போக வேண்டும். கிரவுண்ட்ஹாக் ஒன்றைப் பிடித்தால் அந்தத் தோட்டத்தின் தொல்லை அந்த ஆண்டுக்குத் தீரக்கூடும். கரம்பை எலியோ இரவில் இயங்குவது, உறக்ககாலம் இல்லாதது. ஒன்றைப் பிடித்த வளையில் சில நாளில் பக்கத்து வரப்பின் எலி குடியேறிவிடும். வேலி மட்டும் இரண்டுக்கும் பொதுவான பாடம். அதைப் பின்னர் பார்ப்போம்.

வயலில்: காலமும் கூட்டும்

எலி ஒழிப்புக்கு ஏற்ற காலம் எலி கண்ணில் படாத காலம். காவிரிப் படுகையில் மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முந்தைய கோடை மாதங்களில் வயலில் உணவில்லை. எலிகள் குறைந்த எண்ணிக்கையில் வரப்புகளிலும் வாய்க்கால் கரைகளிலும் ஒடுங்கியிருக்கும். அப்போது வளைகளைத் தோண்டி அழிப்பதற்கு ஆகும் உழைப்பு, பொதிப்பருவத்தில் ஆகும் உழைப்பில் ஒரு சிறு பங்குதான். கதிர் வெளிவந்தபின் எந்த இரையும் எலியை ஈர்ப்பது கடினம். வயல் முழுக்க நெல் இருக்கும்போது பொட்டலத்தை எதற்காகத் தேடி வர வேண்டும்?

வரப்பைச் சிறுத்துக் கட்டுவது இன்னொரு பழைய வழி. அகன்று உயர்ந்த வரப்பு எலிக்கு மாளிகை. ஒடுங்கிய வரப்பில் வளை நிலைக்காது. வரப்பில் புல்லைச் செதுக்கிவிட்டால் வளை வாய் கண்ணில் படும். ஊர் முழுவதும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் நடவு செய்வதும் முக்கியம். வயலுக்கு வயல் பருவம் மாறினால் எலிக்கு மாதம் முழுவதும் ஏதோ ஒரு வயலில் கதிர் கிடைத்துக்கொண்டே இருக்கும்.

பொறிகளில் டெல்டாவுக்கே உரியது தஞ்சாவூர் கிட்டி. மூங்கிலும் நாணும் கொண்ட வில் பொறி, உள்ளூர்ப் பொருளால் செய்வது, நஞ்சில்லாதது. மாலையில் வைத்துக் காலையில் எடுக்கும் ஒழுங்கு வேண்டும், அவ்வளவுதான். வயலில் ஆங்காங்கே டி வடிவக் கழிகளை நட்டால் இரவில் ஆந்தையும் கூகையும் அமர்ந்து வேட்டையாடும். கதிர் முற்றும் முன் கழிகளை எடுத்துவிட வேண்டும்; இல்லையென்றால் பகலில் நெல் தின்னும் பறவைகளுக்கும் அவையே இருக்கையாகும். மலேசியாவில் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களில் கூகைகளுக்குக் கூட்டுப் பெட்டி வைத்து எலியைக் கட்டுப்படுத்துவது பல பத்தாண்டுகளாக நடக்கிறது. தமிழர்கள் பலர் வேலை செய்த தோட்டங்கள் அவை. இங்கோ கூகை கத்தினால் சாவு என்று அதை விரட்டும் வழக்கம் இன்னும் போகவில்லை. எலிக்கு இது கூடுதல் வசதி.

தனி ஒருவர் செய்யும் எலி ஒழிப்பு பக்கத்து வயலுக்கு இடம் காலி செய்து தருவதாகவே முடியும். ஊராகச் சேர்ந்து செய்வதற்குப் பணப் பரிசு அறிவிக்கலாமே என்று தோன்றும். 1902இல் பிரெஞ்சு ஆட்சி ஹனோய் நகரில் எலி வாலுக்குப் பணம் தந்தது. சில நாளில் வாலில்லாத எலிகள் தெருவில் ஓடின. வாலை வெட்டி எடுத்துக்கொண்டு எலியை இனம் பெருக்க விட்டுவிட்டார்கள். எலி வளர்த்தவர்களும் இருந்தார்கள். வாலை எண்ணுவதைவிட மூடிய வளைகளை எண்ணுவதே நம்பத்தக்க கணக்கு.

இருளர்களின் கைத்திறன்

வடதமிழகத்தின் இருளர் சமூகத்தினர் வளையைப் பார்த்தவுடன் அதன் போக்கையும் அவசர வாயிலையும் சொல்லிவிடுவார்கள். பாம்புத்தோல் வணிகம் தடைபட்டபின் பாம்பு நஞ்சு எடுக்கும் கூட்டுறவுச் சங்கம் 1978இல் சென்னை அருகே வடநெம்மேலியில் உருவானதைப் பலரும் அறிவர். 2023இல் வடிவேல் கோபால், மாசி சடையன் ஆகிய இரு இருளர்கள் பத்மஸ்ரீ பெற்றனர். அதே சமூகத்தின் எலி பிடிக்கும் தொழில் அந்த அளவு வெளிச்சம் பெறவில்லை. ஒருவர் வளையைப் புகையூட்ட, மற்றவர் மற்ற வாயில்களை அடைத்துப் பிடிப்பார். வளையிலிருந்து மீட்கும் நெல் பிடித்தவருக்கு உரியது.

மண்பானையில் வைக்கோல் கொளுத்தி வாயால் ஊதிப் புகையேற்றுவது பழைய முறை. உதடும் கையும் சுடும். புகை நுரையீரலுக்குப் போகும். கைப்பிடியைச் சுழற்றிக் காற்றூட்டும் எஃகுக் கருவி ஒன்றைச் சென்னையைச் சேர்ந்த சேதுநாராயணன் உருவாக்கினார். 2003இல் உலக வங்கியின் வளர்ச்சிச் சந்தை விருது அதற்குக் கிடைத்தது. நஞ்சு வாங்கும் செலவையும் அதன் ஆபத்தையும் கணக்கிட்டால், எலி பிடிப்பவருக்கு முறையான கூலி தருவது உழவருக்கு நட்டமான பேரமாகத் தெரியவில்லை.

நஞ்சு: கடைசியில் வர வேண்டியது

நஞ்சு வைக்கும் முறைக்கு ஓர் ஒழுங்கு உண்டு. முதல் நாள் மாலை எல்லா வளைகளையும் மண்ணால் மூட வேண்டும். மறுநாள் காலை திறந்திருப்பவை மட்டுமே உயிருள்ளவை. அவற்றில் மட்டும் நஞ்சில்லாத குருணையை எண்ணெய் தடவி இரண்டு நாள் வைக்க வேண்டும். எலி அந்த உணவுக்குப் பழகியபின், நான்காம் நாள் 2 விழுக்காடு துத்தநாக பாஸ்பைடு கலந்த இரையைப் பொட்டலமாக வளைக்கு உள்ளே தள்ளி மூட வேண்டும். அடுத்த நாள் செத்த எலிகளைப் பொறுக்கி ஆழப் புதைக்க வேண்டும். பழக்காமல் நேரே நஞ்சை வைத்தால், சிறிதளவு தின்று நோயுற்றுப் பிழைக்கும் எலி மறுபடி அந்த இரையைத் தொடாது. இதனால்தான் துத்தநாக பாஸ்பைடை ஒரே பருவத்தில் திரும்பத் திரும்பப் பயன்படுத்த வேண்டாம் என்கிறார்கள். எஞ்சியவற்றுக்கு 0.005 விழுக்காடு புரோமடியலோன் உண்டு. அது இரத்தம் உறைவதைத் தடுத்துச் சில நாள் கழித்தே கொல்வதால் எலிக்கு ஐயம் எழுவதில்லை. ஆனால் அந்த எலியைத் தின்னும் கூகையும் பூனையும் நஞ்சேறிச் சாகக்கூடும்.

வளைக்கு வெளியே, வரப்பின் மேல், திறந்த தட்டில் நஞ்சு வைப்பது எந்த நிலையிலும் தவறு. மயிலும் ஆடும் நாயும் குழந்தையும் அங்கே வரும்.

அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை தனி வகை. ஈரம் பட்டதும் பாஸ்பீன் வாயு வெளிவரும். பொதுமக்களுக்கு இதை விற்கக் கட்டுப்பாடு உண்டு. அங்கீகாரம் பெற்றவர்கள் வல்லுநர் மேற்பார்வையில் மட்டுமே கையாளலாம். குடியிருக்கும் வீட்டுக்குள் இதற்கு இடமே இல்லை. 2024 நவம்பரில் சென்னையை அடுத்த குன்றத்தூரில், வீட்டில் வைக்கப்பட்ட எலி மருந்தின் நச்சால் இரண்டு சிறு குழந்தைகள் இறந்தனர். பெற்றோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். மூடிய அறையில், குளிர்சாதனம் ஓடும் படுக்கையறையில் எலி மருந்து வைத்துவிட்டு உறங்குவது எவ்வளவு ஆபத்து என்பதை அந்தச் செய்தி வந்த வாரம் முழுவதும் நாடே பேசியது. பிறகு மறந்தது.

பற்பசைபோல் குழாயில் வரும் 3 விழுக்காடு மஞ்சள் பாஸ்பரஸ் எலிப்பசை இன்னொரு கொடுமை. இதற்கு மாற்று மருந்து இல்லை. உண்டவர் முதல் ஓரிரு நாள் தேறிவிட்டதுபோல் தெரிவார். அதன்பின் கல்லீரல் செயலிழக்கும். தற்கொலைகளில் இதன் பங்கைக் கண்டு தமிழ்நாடு அரசு இதற்குத் தடை விதித்தது. பழைய இருப்பு வீட்டில் இருந்தால் அலமாரியில் வைத்திருப்பதற்கு எந்த நியாயமும் இல்லை.

பசைத் தாள் பொறிகளை இந்திய விலங்குகள் நல வாரியம் கொடூரமானவை என்று கூறி எதிர்க்கிறது. சட்டம் பற்றி ஒரு சொல்: 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் ஐந்தாம் அட்டவணையில், தீங்குயிர்கள் பட்டியலில், எலியும் சுண்டெலியும் இருந்தன. 2022 திருத்தம் அந்த அட்டவணையையே நீக்கியது. எலியைக் கட்டுப்படுத்துவது குற்றமாகிவிட்டதா என்ற ஐயம் சிலருக்கு வந்தது. பாதுகாக்கப்பட்ட அட்டவணைகளில் இந்த எலி இல்லை. ஆகவே அச்சம் வேண்டாம்.

லேக் கார்டன்ஸ் போன்ற நகர வீடுகளில்

நகரத் தோட்டத்துக்கு நஞ்சே தேவையில்லை என்பது துணிந்து சொல்லக்கூடியது. இடம் சிறிது, வேலி போட முடியும். அரை அங்குலத்துக்கு மிகாத கண்ணுள்ள கம்பி வலையைப் பாத்தியைச் சுற்றி ஓர் அடிக்குமேல் ஆழமாகப் புதைத்து, அடிப்பகுதியை வெளிப்புறமாக மடக்கிவிட்டால் தோண்டி வரும் எலி அந்த மடிப்பில் முட்டி நிற்கும். கிரவுண்ட்ஹாக்குக்கு அமெரிக்கர்கள் செய்வதும் இதே மடிப்புதான்; கண்ணளவு மட்டும் வேறு. கிழங்குப் பயிர்களைத் தொட்டியிலோ சாக்கிலோ உயரத்தில் வைப்பது இன்னும் எளிது.

மட்கு உரக்குழியில் சமைத்த சோறும் மீன் முள்ளும் போடக் கூடாது. மீன் இல்லாத வங்காளச் சமையலறை இல்லை என்பதால் இது இங்கே சற்றுக் கடினமான அறிவுரை. மூடியுள்ள தொட்டி வைத்தால் போதும். காக்கைக்கும் தெருநாய்க்கும் வைக்கும் உணவை இருட்டும் முன் எடுத்துவிட வேண்டும். சாக்கடை வாயில்களுக்கு இரும்புச் சல்லடை வேண்டும். சுவரோரம் வளை கண்டால் முதலில் மண்ணால் மூடி மறுநாள் பார்க்க வேண்டும். திறந்திருந்தால் அதன் வாயிலேயே பொறி வைக்கலாம். எலி பிடிபட்டபின் கல்லும் சிமெண்டும் கலந்து அடைக்க வேண்டும். உயிருள்ள வளையைச் சிமெண்டால் மூடினால் எலி பக்கத்தில் இன்னொரு வழி திறக்கும். அடிமண் மேலும் குடையப்படும். நடைபாதை உள்வாங்கினாலோ பாலத்தின் அருகே புதுமண் குவிந்திருந்தாலோ மாநகராட்சியின் வட்டார அலுவலகத்துக்குப் படத்துடன் தெரிவிப்பது நல்லது.

மழைக்காலத்தில் இன்னொரு கவனம் தேவை. எலியின் சிறுநீர் கலந்த நீர் தோலின் கீறல் வழியே லெப்டோஸ்பைரோசிஸ் எனும் எலிக்காய்ச்சலைத் தரும். 2018 வெள்ளத்துக்குப் பின் கேரளம் இதன் பெரும் பரவலைக் கண்டது. தேங்கிய நீர் வடிந்தபின் தோட்டத்தில் இறங்குவோர் காலணியும் கையுறையும் அணிய வேண்டும். காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் மருத்துவரிடம் எலி வளை பற்றியும் சொல்ல வேண்டும். நோயறிய அது உதவும்.

எங்கே கேட்பது?

பயிர் தொடர்பான ஆலோசனைக்கு உழவர் அழைப்பு மையத்தின் கட்டணமில்லா எண் 1800-180-1551இல் தமிழிலும் வங்காளத்திலும் பேசலாம். தமிழ்நாட்டில் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தை நேரில் அணுகலாம். எலி மருந்தை யாரேனும் விழுங்கிவிட்டாலோ அதன் வாயுவை நுகர்ந்துவிட்டாலோ அறிகுறிக்காகக் காத்திருக்கக் கூடாது. வாயு என்றால் கதவு, சன்னல்களைத் திறந்து உடனே வெளியேற வேண்டும். விழுங்கியவரை வாந்தி எடுக்க வைக்க முயலாமல், நேரே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும். மருந்தின் உறையையும் கையோடு எடுத்துச் செல்ல வேண்டும். புரோமடியலோன் என்றால் வைட்டமின் கே1 கொடுத்துக் காப்பாற்ற முடியும், பாஸ்பைடு என்றால் சிகிச்சை வேறு. மருத்துவருக்கு அதைச் சொல்லக்கூடியது அந்த உறை மட்டுமே. டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய நஞ்சுத் தகவல் மையத்தின் எண் 1800-116-117, இரவிலும் இயங்குகிறது.